வில்வண்டி ஓடிய பிறகுதான் அது பொதுச்சாலை

நாகர்கோவிலில் பேருந்து ஏறித் திருவனந்தபுரம் போகிறவர்களுக்குப் பலராமபுரம் தெரிந்த ஊர்தான். மார்த்தாண்டம், களியக்காவிளை, பாறசாலை, நெய்யாற்றின்கரை என்று வந்த பழைய சாலை அங்கே நெரிசலில் மாட்டிக்கொள்ளும். இரு பக்கமும் கைத்தறி வேட்டி, சேலைக் கடைகள். இடப்பக்கமாக விழிஞ்ஞம் போகும் சாலை பிரியும். அந்தப் பக்கத்தில்தான் வெங்கானூர் இருக்கிறது.

இன்று அந்தக் கடைத்தெருவில் யார் வேண்டுமானாலும் நடக்கலாம், நின்று விலை கேட்கலாம், வாங்காமலும் போகலாம். நாம் இதைப் பெரிதாக நினைப்பதில்லை. ஆனால் 130 ஆண்டுகளுக்கு முன்பு இதே தெருவில் நடப்பதற்காக ரத்தம் சிந்தியது. அந்தக் கூட்டத்தை வழிநடத்தியவர் வெங்கானூரைச் சேர்ந்த விவசாயக் கூலிக் குடும்பத்து இளைஞர், அய்யன்காளி. அவர் பிறந்தபோதும் இறந்தபோதும் நம் கன்னியாகுமரி மாவட்டம் திருவிதாங்கூரில்தான் இருந்தது. 1956 நவம்பர் 1 அன்றுதான் நாம் தமிழகத்தோடு சேர்ந்தோம். ஆகவே அவர் கதை பக்கத்து மாநிலத்துக் கதை மட்டுமில்லை, நம் கதையும்கூட.

நகரங்களையும் சிற்றூர்களையும் மேம்படுத்துவது பற்றி இப்போது எங்கும் பேச்சு. சாலை அகலமாகிறது, கடைத்தெரு புதிதாகிறது, விளக்குகள் மாறுகின்றன. இந்த நேரத்தில் அய்யன்காளியின் வாழ்க்கையை நாம் மறுபடி படிக்க வேண்டும். சாலை போடுவது ஒரு வேலை, அதை எல்லோருக்கும் ஆக்குவது இன்னொரு வேலை என்பதை அவரைப் போலக் காட்டியவர்கள் குறைவு.

சாலைகள் வந்த காலம்

அய்யன்காளி 1863 ஆகஸ்ட் 28 அன்று வெங்கானூரில் பிறந்தார். தந்தை அய்யன், தாய் மாலா. எட்டுப் பிள்ளைகளில் மூத்தவர். குடும்பம் புலையர் சமூகத்தைச் சேர்ந்தது. திருவிதாங்கூரில் அடிமை முறை ஒழிக்கப்பட்டது 1855-ல்தான். அதாவது அவருடைய பெற்றோர் தலைமுறை, மனிதரை நிலத்தோடு சேர்த்து விற்றதைக் கண்ணால் பார்த்த தலைமுறை. நிலவுடைமையாளர் ஒருவர் கொடுத்த ஐந்து ஏக்கர் நிலம் இருந்ததால், மற்றக் குடும்பங்களைவிட இவர்கள் நிலை கொஞ்சம் மேல். ஆனாலும் பிள்ளைகள் வயலுக்குத்தான் போனார்கள். பள்ளிக்கூடத்தின் வாசலை அய்யன்காளி மிதித்ததில்லை. கடைசிவரை அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது.

அவர் சிறுவனாக இருந்த காலத்தில் திருவனந்தபுரம் சிறிய நகரம். ஆனால் வேகமாக மாறிக்கொண்டிருந்தது. 1858 முதல் 1872 வரை திவானாக இருந்த மாதவராவ் சாலைகளையும் பாலங்களையும் கால்வாய்களையும் அரசின் முக்கிய வேலையாக எடுத்துக்கொண்டார். இன்று தலைமைச் செயலகமாக இருக்கும் ஹஜூர் கச்சேரிக் கட்டடம் 1869-ல் திறக்கப்பட்டது. மருத்துவமனை, கல்லூரி, அருங்காட்சியகம் எல்லாம் அந்த நூற்றாண்டில் வந்தவை. நகரத்தின் கடைத்தெருவான சாலைக் கம்போளம் அதற்கும் முன்பே, 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில், திவான் ராஜா கேசவதாஸ் காலத்தில் உருவானது. நாஞ்சில் நாட்டில் விளைந்த நெல்லும் வண்டி வண்டியாக அந்தப் பக்கம் போனது.

சாலை போட்ட பணம் வரிப்பணம். அந்த வரி விளைச்சலிலிருந்து வந்தது. விளைச்சல், சேற்றில் நின்ற புலையரும் பறையரும் கொடுத்த உழைப்பிலிருந்து வந்தது. இதுபோக, ஊழியம் என்ற பெயரில் கூலியே இல்லாத வேலையும் திருவிதாங்கூரில் நெடுங்காலம் வாங்கப்பட்டது. ஆக, ஊரின் சாலைக்குக் கொடுக்க வேண்டியதை அவர்கள் எப்போதோ கொடுத்துவிட்டார்கள். அதில் நடக்கத்தான் அவர்களுக்கு இடமில்லை.

சட்டத்தில் இடம் இருந்தது என்பதுதான் வேடிக்கை. பொதுச்சாலைகள் எல்லா வகுப்பாருக்கும் உரியவை என்று திருவிதாங்கூர் அரசு 1865-லேயே அறிவித்தது. 1884-ல் அதை மறுபடியும் உறுதி செய்தது. ஆனால் நீதிமன்றத்தில் ஒரு பாகுபாடு புகுந்தது. ராஜவீதி வேறு, கிராமவீதி வேறு; அறிவிப்பு ராஜவீதிக்குத்தான் பொருந்தும் என்று சொல்லப்பட்டது. தெருவில் நின்று தடுப்பவர்களுக்கு இந்தப் பாகுபாடுகூடத் தேவைப்படவில்லை. அவர்களிடம் தடி இருந்தது.

வழியில் எதிரே உயர்சாதியார் வந்தால் புலையர் குறிப்பிட்ட தூரம் விலகி நிற்க வேண்டும். தாம் வருவதைக் குரல் கொடுத்து அறிவிக்க வேண்டும். சாலையை விட்டுச் சேற்றிலோ தோட்டத்திலோ இறங்கிவிட வேண்டும். கடையில் உப்பும் புகையிலையும் வாங்கக்கூடத் தள்ளி நின்று, காசை ஒரு இடத்தில் வைத்துவிட்டு, கடைக்காரர் வைத்ததை அல்லது எறிந்ததை எடுத்துக்கொள்ள வேண்டும். எடை சரியா, பொருள் நல்லதா என்று கேட்க வழியில்லை. சந்தைக்குள் போக முடியாதவர் விலை பேச முடியாது. விலை பேச முடியாதவர் உழைத்துச் சேர்த்த காசுக்கு முழுப் பொருள் வாங்க முடியாது. தெருவை மூடுவது மானத்தை மட்டும் பறிப்பதில்லை, வயிற்றிலும் அடிக்கிறது.

வண்டி கட்டிய நாள்

1893-ல் அய்யன்காளிக்கு முப்பது வயது. திருமணமாகி ஐந்து ஆண்டுகள் ஆகியிருந்தன. மனைவி பெயர் செல்லம்மா. உடல் வலுவும் நெஞ்சுரமும் உள்ள இளைஞர்கள் அவரைச் சுற்றி ஏற்கெனவே திரண்டிருந்தார்கள். அடிக்கு அடி கொடுக்கத் தெரிந்த கூட்டம் அது.

அந்த ஆண்டு அவர் ஒரு வில்வண்டி வாங்கினார். வில்வண்டி அக்காலத்தில் வசதி படைத்தவர்களின் அடையாளம். நம் பக்கத்துப் பண்ணையார்களும் அதில்தான் போவார்கள். புலையர் வண்டி வைத்துக்கொள்வதே வழக்கத்துக்கு விரோதம். அவர் இரண்டு வெள்ளைக் காளைகளைப் பூட்டினார். மாடுகளின் கழுத்தில் மணி கட்டினார். வெள்ளை வேட்டி உடுத்தி, மேலாடை அணிந்து, தலைப்பாகை கட்டிக்கொண்டு ஏறி உட்கார்ந்தார். புலையர் முழங்காலுக்குக் கீழே வேட்டி இறங்காமலும் மேல் உடம்பு மறையாமலும் இருக்க வேண்டும் என்று விதித்திருந்த காலம் அது. வண்டி வெங்கானூர்ப் பொதுச்சாலையில் ஓடியது. தடுக்க வந்தார்கள். அவர் வண்டியைத் திருப்பவில்லை.

அதே காலத்தில் தோழர்களோடு பலராமபுரம் பக்கத்துப் புதிய சந்தையை நோக்கி நடந்தார். சாலியர் தெருவில் கூட்டம் மறித்தது. கைகலப்பு பெரிய கலவரமாக மாறியது. இரு தரப்பிலும் பலர் காயம்பட்டனர். சாலியர் தெருக் கலவரம் என்று கேரள வரலாற்றில் அது பதிவாகியுள்ளது. மறித்தவர்களிலும் அன்றாடம் உழைத்துப் பிழைத்தவர்கள் இருந்தார்கள் என்பதை நாம் மறந்துவிடக் கூடாது. சாதி, உழைப்பவரை உழைப்பவருக்கு எதிராக நிறுத்தும் விதம் அதுதான்.

நெடுமங்காட்டுச் சந்தைக்குள்ளும் அவர் தம் மக்களோடு நுழைந்தார். கழக்கூட்டம் போன்ற இடங்களிலும் இதைப் பார்த்து மக்கள் எழுந்தார்கள். பல இடங்களில் அடி விழுந்தது, குடிசைகள் தாக்கப்பட்டன. ஆனால் 1900-ஐ ஒட்டி நிலைமை மாறத் தொடங்கியது. திருவிதாங்கூரின் பெரும்பாலான பொதுச்சாலைகளில் தாழ்த்தப்பட்ட மக்கள் நடக்க முடிந்தது. கோயில்களைச் சுற்றிய தெருக்கள் மட்டும் மூடியே இருந்தன.

மாணவர்கள் இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். 1865 அறிவிப்புக்கும் மக்கள் நடந்ததற்கும் இடையில் ஒரு தலைமுறைக் காலம் ஓடியிருக்கிறது. அரசாணை தானாக நடந்து தெருவுக்கு வருவதில்லை. அதைக் கையில் எடுத்துக்கொண்டு யாராவது நடக்க வேண்டும்.

தெருவிலிருந்து பள்ளிக்கு

சாலையில் கிடைத்த தைரியம் அடுத்த வாசலைத் தட்ட வைத்தது. திருவனந்தபுரம் தைக்காட்டில் இருந்த அய்யாவு சுவாமிகள், சாதி வேற்றுமை ஒழிய வேண்டும் என்று சொல்லிவந்த தமிழர். 1904-ல் அவருடைய பேச்சைக் கேட்டது அய்யன்காளிக்குப் புதிய உந்துதல் தந்தது. 1907-ல் சாது ஜன பரிபாலன சங்கத்தைத் தொடங்கினார். ஏழை எளிய மக்களைக் காக்கும் சங்கம் என்பது அதன் பொருள். வெவ்வேறு தாழ்த்தப்பட்ட சாதியாரையும் ஒரே சங்கத்தில் சேர்க்க முயன்றார்.

தாழ்த்தப்பட்ட பிள்ளைகளைப் பள்ளியில் சேர்க்கலாம் என்று அரசு ஒப்புக்கொண்டது. பள்ளிகளோ கதவைத் திறக்கவில்லை. அப்போது அவர் எடுத்த ஆயுதம் வேலைநிறுத்தம். எங்கள் பிள்ளைகளுக்குப் பள்ளியில் இடமில்லை என்றால் உங்கள் வயலில் எங்கள் கை இறங்காது என்பதே அதன் சாரம். நியாயமான கூலி, ஓய்வு ஆகிய கோரிக்கைகளும் சேர்ந்தன. வயல்கள் தரிசாகக் கிடந்தன. கூலிக் குடும்பங்கள் பட்டினி கிடந்தன. ஆனாலும் அவர்கள் வேலைக்குத் திரும்பவில்லை. கடைசியில் பேச்சுவார்த்தைக்கு வர வேண்டிய நிலை நிலவுடைமையாளர்களுக்கு ஏற்பட்டது. இந்தியாவில் விவசாயத் தொழிலாளர் நடத்திய தொடக்ககால வேலைநிறுத்தங்களில் அது ஒன்று. படிப்புக்காக நடந்த வேலைநிறுத்தம் என்பது அதன் தனிச்சிறப்பு.

பின்னர் பஞ்சமி என்ற சிறுமியின் கையைப் பிடித்துக்கொண்டு ஊரூட்டம்பலம் பள்ளிக்குப் போனார். அந்தப் பிள்ளை உள்ளே உட்கார்ந்ததற்காகப் பள்ளிக்கூடமே எரிக்கப்பட்டது. இன்று அதே பள்ளி அய்யன்காளி, பஞ்சமி இருவர் பெயரையும் தாங்கி நிற்கிறது.

பள்ளிக்கூடச் சண்டையும் தெருச் சண்டையின் தொடர்ச்சிதான். வீட்டுக்கும் பள்ளிக்கும் நடுவில் ஒரு தெரு இருக்கிறது. மருத்துவமனைக்கும், கச்சேரிக்கும், சந்தைக்கும் போகும் வழியும் அதுவே. தெரு மூடியிருந்தால் அரசு எத்தனை கட்டடம் கட்டினாலும் அவை நமக்கு இல்லை. அவர் முதலில் வண்டி கட்டியதன் காரணம் இதனால்தான் விளங்குகிறது.

மன்றத்தில் ஓர் இருக்கை

1911 இறுதியில் அரசு அவரை ஸ்ரீமூலம் பிரஜா சபையின் உறுப்பினராக நியமித்தது. திருவனந்தபுரம் பாளையத்தில் 1896-ல் கட்டிய விக்டோரியா ஜூபிலி நகர மண்டபத்தில் அந்தச் சபை கூடும். பெரிய நிலவுடைமையாளர்களும் வழக்கறிஞர்களும் உட்கார்ந்திருந்த அவையில், கையெழுத்துக் கற்காத ஒரு கூலிக் குடும்பத்து மனிதர் எழுந்து நின்று பேசினார். இருபது ஆண்டுகளுக்கும் மேல் உறுப்பினராக இருந்தார்.

அவர் கேட்டவை எல்லாம் கையில் பிடிக்கக்கூடிய விஷயங்கள். குடியிருக்கவும் பயிர் செய்யவும் புறம்போக்கு நிலம், பிள்ளைகளுக்குக் கட்டணச் சலுகை, பள்ளியில் இடம், அரசு வேலை, பொது இடங்களில் தடையில்லாத நடமாட்டம். கேட்டதைத் திரும்பத் திரும்பக் கேட்டார். ஆணை வந்தபின் அது ஊரில் நடக்கிறதா என்று பார்த்தார். நடக்கவில்லை என்றால் அடுத்த ஆண்டு அதையே மறுபடி எழுப்பினார்.

1915-ல் கொல்லம் பகுதியில் பெரிநாடு கலவரம் நடந்தது. புலையர் பெண்கள் மேலாடை அணியாமல், கழுத்தில் கல்மாலைகளைத் தாங்க வேண்டும் என்ற வழக்கத்தை உடைக்க அவர் அழைத்தார். எதிர்ப்பு வந்தது, குடிசைகள் எரிந்தன. அதே ஆண்டு டிசம்பரில் கொல்லம் நகரின் பீரங்கி மைதானத்தில் பெரும் கூட்டம் கூடியது. அங்கே பெண்கள் கல்மாலைகளை அறுத்துப் போட்டார்கள். ஒதுக்கி வைக்கப்பட்டவர்கள் நகரத்தின் நடு மைதானத்தில், எல்லோரும் பார்க்க, தங்கள் அடிமைச் சின்னத்தைக் கழற்றினார்கள். அந்த இடத்தைத் தேர்ந்ததிலேயே ஒரு செய்தி இருக்கிறது.

மூடியிருந்த கோயில் தெருக்களுக்கான போராட்டம் வைக்கத்தில் 1924-ல் தொடங்கியது. பெரியார் அங்கே சிறை சென்றதை நாம் அறிவோம். 1926-ல் நம் சுசீந்திரத்திலும் கோயில் தெருக்களுக்காகச் சத்தியாகிரகம் நடந்தது. 1936 நவம்பர் 12 அன்று திருவிதாங்கூர் அரசு கோயில் நுழைவு அறிவிப்பை வெளியிட்டது. அடுத்த ஜனவரியில் காந்தி வெங்கானூருக்கே வந்து அய்யன்காளியைச் சந்தித்தார். தம் சமூகத்தில் பத்துப் பேராவது பி.ஏ. பட்டம் பெறுவதைப் பார்க்க வேண்டும் என்பதே அப்போது அவர் வெளியிட்ட ஆசை.

1941 ஜூன் 18 அன்று அய்யன்காளி காலமானார்.

இன்று நாம் செய்ய வேண்டியது

திருவனந்தபுரம் போகிறவர்கள் ஒரு நாள் தலைமைச் செயலகத்தின் முன்னால் இறங்கிக்கொள்ளுங்கள். அங்கே சாலைகள் போட்ட திவான் மாதவராவின் சிலை இருக்கிறது. அந்த இடத்துக்கே ஸ்டாச்சு என்றுதான் பெயர். அங்கிருந்து பாளையம் நோக்கி நடந்தால், பிரஜா சபை கூடிய அதே நகர மண்டபம் வரும். 2019 முதல் அதன் பெயர் அய்யன்காளி மண்டபம். இன்னும் நடந்து அருங்காட்சியகத்தைத் தாண்டினால் வெள்ளையம்பலம். நாற்சந்தியில் 1980-ல் இந்திரா காந்தி திறந்து வைத்த அய்யன்காளி சிலை நிற்கிறது. ஒருவர் சாலையைப் போட்டார், இன்னொருவர் அதைப் பொதுச்சாலை ஆக்கினார். ஒரு நகரத்துக்கு இருவருமே தேவை.

அய்யன்காளி வண்டி கட்டிக் கேட்டது இன்று அரசியல் சட்டத்தில் இருக்கிறது. கடைகள், உணவகங்கள், கிணறுகள், குளங்கள், சாலைகள் ஆகியவற்றில் சாதியின் பேரால் எவரையும் தடுக்கக் கூடாது என்று 15-ஆம் பிரிவு சொல்கிறது. தீண்டாமையை 17-ஆம் பிரிவு ஒழித்தது. பொதுவழியை மறிப்பதை 1989-ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் குற்றமாக்கியுள்ளது.

ஆனாலும் நம் ஊர்களில் நாம் காண்பது என்ன? ஊர்த்தெரு வரை சிமெண்டுச் சாலை வருகிறது, நம் குடியிருப்பின் முகப்பில் அது மண்பாதையாகிறது. ஊரின் சாக்கடை நம் வாசலில் வந்து தேங்குகிறது. மயானத்துக்குப் பாதை இல்லாமல் பிணத்தை வயல் வரப்பில் தூக்கிப் போகிறோம். கடைத்தெருவை அழகாக்கும்போது முதலில் அப்புறப்படுத்தப்படுவது கீரை, மீன், செருப்புத் தைக்கும் வேலை என்று நடைபாதையில் பிழைப்பவர்கள். புதுத் தெருவைக் கூட்டுவதும் அதன் சாக்கடையை அள்ளுவதும் மட்டும் மாறாமல் நம் மக்களிடமே வந்து சேர்கிறது. தடியோடு நின்று மறிப்பது குறைந்திருக்கிறது. திட்டம் போடும்போதே விட்டுவிடுவது தொடர்கிறது.

கிராமசபை ஆண்டுக்கு 6 முறை கூடுகிறது. அதில் போய் உட்காருங்கள். இந்த ஆண்டு எந்தெந்தத் தெருவுக்குச் சாலை, விளக்கு, வடிகால் என்று பட்டியல் கேளுங்கள். உங்கள் தெருவின் பெயர் இல்லையென்றால் தீர்மானத்தில் எழுதச் சொல்லுங்கள். எழுதியதைப் படித்துப் பார்த்துக் கையெழுத்திடுங்கள். படித்த மாணவர்கள் இந்த வேலையைத் தங்கள் ஊரில் எடுத்துக்கொள்ள வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாத ஒரு மனிதர் சபையில் இருபது ஆண்டுகளுக்கு மேல் கேட்டுக்கொண்டே இருந்தார். நமக்கு எழுதவும் தெரியும், படிக்கவும் தெரியும்.

அடுத்த முறை பலராமபுரத்தில் பேருந்து நெரிசலில் நிற்கும்போது சன்னல் வழியாக அந்தத் தெருவைக் கொஞ்சம் பாருங்கள். பிள்ளைகள் பக்கத்தில் இருந்தால் அவர்களுக்கும் சொல்லுங்கள், இந்த வழியில் நடப்பதற்காக நம் முன்னோர் அடிபட்டார்கள் என்று.